தறிக்குழிக்குள் ஒரு கை

முள்ளிப்பட்டு சடையப்பனுக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது. தீமிதித் திருவிழாவில் நெருப்பில் இறங்கும் முதல் கால் அவருடையது. நல்ல பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டிருக்கிறார். தாலுகா ஆபீசில் யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி தின்ற மயக்கத்தில் டிவியில் ஒரு பேய்ப்படம் பார்த்துத் தொலைத்தார். அதில் ஒருவன் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பான். அடியிலிருந்து வெளுத்த கை ஒன்று நிதானமாக வந்து அவன் கணுக்காலைப் பிடிக்கும்.

மற்றவர்கள் என்றால் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு பிழைத்துப் போவார்கள். நெசவாளியான சடையப்பன் எங்கே மடக்குவது? தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, அங்கே இருக்கும் மிதிகட்டையை மிதித்தால்தான் தறி ஓடும். மேலே வெளிச்சம், கீழே இருட்டு, இரண்டுக்கும் நடுவில் சடையப்பன்.

திங்கட்கிழமை காலை குழிக்குள் காலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். மூன்று நாள் தறி தூசி குடித்தது.

தறியில் கிடந்ததோ தங்கை மகள் அன்புச்செல்வியின் முகூர்த்தப் புடவை. “தாய்மாமன் கையால நெய்ஞ்ச புடவையிலதான் தாலி ஏறும்” என்று நிச்சயதார்த்தத்தில் மைக்கைப் பிடுங்கி அறிவித்திருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். புடவை பாதியில் நின்றது.

குழிக்குள் பல்பு கட்டித் தொங்கவிட்டார்; தன் கால் நிழலே கையாகத் தெரிந்தது. எலுமிச்சம்பழம் வைத்தார், அது உருண்டு வந்து குதிகாலைத் தொட்டது. அன்று அவர் தாண்டிய உயரத்துக்குப் பூனை மட்டுமே சாட்சி. கடைசியில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். எந்தக் கட்டையை மிதிக்கிறோம் என்று தெரியாமல், புடவைக் கரையில் ஒரு மாங்காய்க்கு இரண்டு வால் முளைத்தது.

அப்போதுதான் மனைவி தேவகி உள்ளே வந்தாள்.

“இன்னாங்க, பூட்ஸ் போட்டுகினு தறியில உக்காந்துகினு கீறீங்க?”

“குளிரு.”

“சித்திரை மாசத்துலயா?”

சடையப்பன் உண்மையைச் சொன்னார். தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“தீ மிதிச்ச காலுங்க அது!”

“நெருப்பு கண்ணுக்குத் தெரியுது தேவகி. கை தெரியாதே!”

தேவகி முறத்தில் பூண்டை எடுத்துக்கொண்டு வந்து பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழிக்குள் காலை விட்டு, அவர் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்தாள்.

“வரட்டும். மொதல்ல என் காலைத்தான புடிக்கணும்? இன்னா வேணும்னு நான் கேட்டுக்கிறேன். நீங்க ஜல்தியா நெய்யுங்க.”

தறி ஓடியது. பூண்டு உரிந்தது. தான் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து தெருவில் இருபத்திரண்டு வருஷமாக நடந்த சங்கதிகளையெல்லாம் தேவகி ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். புடவை இரண்டு நாள் முன்னதாகவே தறியை விட்டு இறங்கியது. இரட்டை வால் மாங்காயைக் கொசுவத்துக்குள் மறைத்துவிடலாம் என்று குடும்ப அளவில் தீர்மானமாயிற்று.

கல்யாண மண்டபத்தில் புடவை ஜொலித்தது. தாலி ஏறியது. மைக்கில் சொன்னது பலித்த பூரிப்பில் சடையப்பன் மீசையை நீவிக்கொண்டார். அடுத்து வருவதை மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் தாய்மாமன் காலில் விழக் குனிந்தார்கள். மருதாணி வைத்த இரண்டு கைகளும், வைக்காத இரண்டு கைகளும் அவர் கணுக்காலை நோக்கி நிதானமாக வந்தன.

சடையப்பனின் ஒரு கால் ஓடுவதற்குத் தயாரானது. அந்தக் கணத்தில் பழகிய பாரம் ஒன்று அவர் பாதத்தின் மேல் இறங்கியது.

“நல்லா இருங்க, கண்ணுங்களா!” என்று மண்டபம் அதிர வாழ்த்தினார்.

ஆல்பத்தில் அந்தப் படம் பக்கம் முழுக்கப் பெரிதாக வந்திருக்கிறது. பெண்ணைப் பெற்ற புஷ்பலதாவுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

“இன்னா அண்ணி, ஊரே பாக்குது, எங்கண்ணன் காலை மிதிச்சிகினு நிக்கிறீங்க?”

“மிதிக்காம இருந்திருந்தா உன் பொண்ணுக்குப் புடவையே இல்ல, போ” என்றாள் தேவகி, பூண்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு தறியை நோக்கி நடந்தபடி.