இட்லி பிடிக்கும் என்று சொன்னேன்

எனக்கு இட்லி பிடிக்காது. இதை எழுதுவதற்கே முப்பது வருடம் ஆகியிருக்கிறது. நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். நான் பேசி நல்லது நடந்த நாள் என்று ஒன்றும் நினைவில் இல்லை. பேசிக் கெட்டது நடந்த நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் பேசியது இங்கிலீஷில்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊரில் எங்கள் தெரு தனி. தெருவில் எல்லோருமே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் நானும் என் அத்தை மகனும்தான். அவன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன்.

தேறி இரண்டு வருடம் ஆகியும் நாற்றுக்கட்டுதான் சுமந்துகொண்டிருந்தோம். வயல்காரர் வீட்டில் எட்டு வயதில் ஒரு பிள்ளை இருந்தது. அது என் அப்பாவை 'டேய்' என்று கூப்பிடும். என்னையும் கூப்பிடும். வாயைப் பொத்திக்கொண்டு போய் நிற்க வேண்டும். அந்த வரப்பைவிட்டு வெளியேறுவது ஒன்றைத்தான் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் மதுரை ஓட்டல் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. பத்துவரை படித்திருந்தால் போதும், ஆனால் இங்கிலீஷில் பேசவைத்துப் பார்ப்பார்கள். இரண்டு இடம் காலி. "நமக்குன்னே எண்ணி வச்ச மாதிரி இருக்கே மாப்ள" என்றான் அவன்.

சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்கு மேலே, மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. இருவரும் சேர்ந்தோம். வாத்தியார் சைக்ளோஸ்டைல் தாள்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார். உன் ஊர், உன் குடும்பம், உனக்குப் பிடித்த சாப்பாடு என்று கேள்விகள். பிடித்த சாப்பாட்டுக்கு நாலு வரி அச்சடித்திருந்தது. எனக்குப் பிடித்தது இட்லி. அது மல்லிகைப்பூப் போல வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கும். எளிதில் செரிக்கும். நோயாளிகளுக்கும் நல்லது. கீழே மண்டியிலிருந்து அழுகின வெங்காய வாடை ஏறிவர, நாங்கள் இருபது பேர் இட்லியை இங்கிலீஷில் ஒப்பித்தோம்.

என் அத்தை மகன் ஒருநாள் எழுந்து கேட்டான். "சார், எனக்குக் கறிதான சார் பிடிக்கும். அதைச் சொன்னா என்ன?"

வாத்தியார் தாளை மேசையில் போட்டார். "உனக்கு எது பிடிக்கும்னு எவன்டா கேட்டான்? எதைச் சொன்னாலும் சைவமாச் சொல்லு. கறின்னு சொன்னா என்ன கறிம்பான். என்ன கறின்னு சொல்லிட்டா, உன் தெரு எதுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகும். ஒக்காரு."

யார் யார் தலை குனிந்தார்கள் என்று நான் கவனித்தேன். நானும் குனிந்திருந்தேன். அவன் குனியவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது அவன் கொதித்துக்கொண்டு வந்தான். "சாதி என்னன்னு கேட்டா அசிங்கம்ல மாப்ள, அதான் இங்கிலீஷ்ல சோத்தைக் கேக்குறாய்ங்க."

"வேலை கிடைக்கட்டும். இட்லின்னு சொல்லிட்டுப் போவோம்டா."

"நான் சொல்ல மாட்டேன். கோயில் வாசல்ல ஒரு வெள்ளைக்காரன்ட்டப் பேசினேன். அவங்க ஊர்ல மாட்டைத்தான் துண்டு துண்டாச் சுட்டுத் திங்கிறாய்ங்களாம், தட்டு நெறைய. அவன் பாஷையில கேள்வி, அவன் தங்குற ஓட்டல்ல வேலை. அங்க போயி மாட்டுக்கறின்னு சொன்னா யாரு என்ன சொல்லுவா?"

அவன் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். சோறு கட்டிவரும் இங்கிலீஷ் பேப்பரைக்கூடப் பிரித்து உரக்கப் படிப்பவன் அவன். இங்கிலீஷ் என்பது எங்கள் ஊர் எல்லை முடிந்த பிறகு வரும் இடம் என்று அவன் நினைத்தான். அங்கே போய்விட்டால் தெரு கிடையாது என்று. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவனிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ஓட்டல் பரீட்சை அன்று அத்தை தூக்குவாளியில் இருவருக்கும் சோறும் உப்புக்கண்டமும் கொடுத்துவிட்டது. மாட்டுக்கறியை நாடா நாடாவாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் போட்டு வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். அதை எண்ணெயில் வறுத்தால் தெரு முனைவரை மணக்கும். அன்றைக்கு எனக்குச் சாமி கண் முன் வந்து எது பிடிக்கும் என்று கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வைகைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டதும் நான் ஆற்று மணலை எடுத்து விரல்களைத் தேய்த்தேன். பிறகு எங்கோ கிடந்த எலுமிச்சைத் தோலை எடுத்துத் தேய்த்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எம்புட்டுத் தேய்ச்சாலும் போகாது மாப்ள."

"கொஞ்சமாவது போகும்ல."

"எதுக்குப் போகணும்?" என்று சிரித்தான். அவன் கையைத் தண்ணீரில் அலம்பி வேட்டியில் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், மதியக் கூட்டம் முடிந்தபின் பரீட்சை வைத்தார்கள். சுவரோரமாக ஒன்பது பேரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மேனேஜர் நடுமேசையில் காபியோடு இருந்தார். ஒவ்வொருவராக அவர் முன் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேச வேண்டும்.

முதல் மூன்று பேரும் இட்லி. மூன்று பேருக்கும் மல்லிகைப்பூ, மூன்று பேருக்கும் நோயாளிகள். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் ஒரே கொப்பரையில வெந்தீங்களாடா?"

நாலாவது என் அத்தை மகன். எழுந்து போய், கையைக் கட்டாமல் நின்றான். அவனுடைய இங்கிலீஷ் நின்று நின்று வந்தாலும் அவனுடையதாக வந்தது. அம்மா கறியை எப்படி அறுக்கும், எத்தனை நாள் காயும், காக்காய்க்கு யார் காவல் என்று எல்லாம் சொன்னான். மேனேஜர் முதலில் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஓட்டல் கிளார்க்கிடம் திரும்பி, பரவாயில்லையே என்பதுபோல புருவத்தை உயர்த்தினார். அப்புறம் என்ன கறி என்று கேட்டார்.

"பீஃப் சார்."

மேனேஜர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இங்கிலீஷ் அத்தோடு முடிந்தது. "எந்த ஊரு?" என்றார். அவன் சொன்னான். "கூட யாரு வந்தது?"

அவன் திரும்பி என்னைக் காட்டினான். சிரித்துக்கொண்டேதான் காட்டினான். "எங்க மாமா மகன் சார்."

மேனேஜர் என்னை விரலால் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"நீயும் மாட்டுக்கறிப் பார்ட்டியா?"

"நோ சார். மை ஃபேவரிட் ஃபுட் இஸ் இட்லி சார்."

"இவன் உனக்குச் சொந்தமா?"

அவன் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சார். பஸ்ல பழக்கம்."

கூச்சக்காரன் பொய் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது என்பார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி இங்கிலீஷுக்குப் போனார். உன் வீட்டில் எத்தனை முறை இட்லி செய்வார்கள் என்று கேட்டார். தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன்.

"டூ டைம்ஸ் சார். தீபாவளி, பொங்கல்."

கிளார்க் மேசையைத் தட்டிச் சிரித்தார். பெஞ்சே சிரித்தது. எங்கள் தெருவில் மாவாட்டி இட்லி அவிப்பது வருடத்தில் அந்த இரண்டு நாள்தான். தினமும் இட்லி தின்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. என் அத்தை மகன் சிரிக்கவில்லை. அவன் அப்போதே கதவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு மேனேஜர் என்னை மட்டும் நிறுத்திவைத்தார்.

"தீபாவளிக்கு இட்லி அவிக்கிற வீடு எதுன்னு எனக்குத் தெரியாதாடா? உன் கையில அந்த வாடை இன்னும் அடிக்குது. அவனுக்கு உன்னைவிட இங்கிலீஷ் நல்லா வருது. ஆனா அவனை வச்சுக்கிட்டு நான் அவதிப்பட முடியாது. உனக்கு எங்க என்ன பேசணும்னு தெரியுது. திங்கக்கிழமை வா."

அவர் என்னைச் சரியாகக் கணித்தார். அதனால்தான் அவரை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். நான் கிட்டே போனதும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"கிடைச்சிருச்சா?"

"மாப்ள, நான் ஒண்ணும் வேணும்னு..."

"பஸ்ல பழக்கம்தான? பஸ்லயே போ."

அவன் ஊர்வரை நடந்தான். நான் பஸ்ஸில் முன்னால் வந்துவிட்டேன். அத்தை வாசலிலேயே மறித்து, "அவன் எங்கப்பா?" என்றது. "வாரான்" என்றேன். பொழுது சாயும்போது புழுதிக் காலோடு வந்து சேர்ந்தான். "ரெண்டு பேருக்கும் வேலையாடா?" என்று அத்தை கேட்டது. தூக்குவாளியை அத்தை கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னான். "இவுகளுக்குக் கிடைச்சிருச்சு."

அன்றையிலிருந்து நான் அவனுக்கு இவுக ஆனேன். எதிரில் பார்த்தால் "வாங்க", பேச்சை முடிக்க "போங்க". காது கூசும் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தைக்கும் விவரம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் உப்புக்கண்டம் வறுத்தால் சுவரைத் தாண்டி மணம் மட்டும் வரும். கிண்ணம் வராது.

ஓட்டலில் எனக்கு வைத்த பெயர் தீபாவளி. "டேய் தீபாவளி, மேல ஏழுக்குக் காபி." காலையில் மிஞ்சின இட்லியை மேனேஜரே தட்டில் எடுத்துவைக்கச் சொல்வார். "உனக்குப் பிடிச்சதாச்சே, சாப்பிடு." மற்றவர்களுக்குப் பூரி இருக்கும், பொங்கல் இருக்கும். நான் எட்டு வருடம் காலையில் ஆறின இட்லி தின்றேன். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கீழ்க் கூடத்தில் என்னைப் பரிமாறவிடவில்லை. மாடிக்கு மட்டும்தான் போகலாம். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் வரவேற்பில் நின்று பீஃப் உண்டா என்று கேட்டார். மேனேஜர் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் தலைக்குமேல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது என்று எழுதலாம். ஆனால் யாரும் என் வாயைப் பிடித்து இழுக்கவில்லை, நானேதான் சிரித்தேன்.

அவன் எங்கேயும் நிலைக்கவில்லை. கட்டட வேலை, செங்கல் சூளை என்று அலைந்துவிட்டு மறுபடி அதே வயலுக்கே வந்தான். எங்களை டேய் என்று கூப்பிட்ட பிள்ளை அதற்குள் வளர்ந்து மோட்டார் சைக்கிளில் வந்து அவனைக் கூப்பிட்டது.

எட்டாவது வருடத்தில் அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். எனக்கும் அழைப்பு வந்தது. அத்தைதான் வந்து சொன்னது, அவனே அனுப்பியதாக. இனி மாப்ள என்று ஒரு வார்த்தை வந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஓட்டலிலிருந்து வரும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், பரீட்சைக்குப் போனதுபோல.

தெருவில் பந்தல் போட்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்தேன். வாளியில் கறிக்குழம்போடு அவனே பரிமாறிக்கொண்டு வந்தான். எனக்கு முன்னால் இருந்தவருக்கு ஊற்றினான். என் இலைக்கு வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான். வரும்போது கையில் தட்டு. நாலு இட்லி.

"உங்களுக்குன்னு தனியா அவிக்கச் சொன்னேன்" என்றான். மரியாதையாக, வரிசைக்கே கேட்கும்படி. "பிடிச்சதாச்சே. சாப்பிடுங்க."

பந்தியில் சிலர் சிரித்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தை அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தது. ஓடிவந்து தட்டை எடுத்துவிடும் என்று நினைத்தேன். அது உள்ளே போய்விட்டது.

எழுந்து போயிருக்கலாம். "எனக்கும் கறி ஊத்துடா" என்று கேட்டிருக்கலாம். அதைத்தான் அவன் எதிர்பார்த்தானோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நான் இலையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகப் பிட்டுத் தின்றேன். நாலும் முடியும்வரை அவன் நகரவில்லை.

"இன்னும் ரெண்டு வைக்கவா?"

"வேணாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஆமாமா. அங்க பழக்கமானவுக காத்துக்கிட்டு இருப்பாக" என்றான். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான்.

பந்தலுக்கு வெளியே தொட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் சோப்பைப் போட்டுக் கறி வாடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விரல்களை மோந்து பார்த்தேன். கழுவ ஒன்றுமில்லை.