ஒரே கையெழுத்தில் வழக்கும் எதிர்வாதமும்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர் காலையிலேயே அன்றைய ஃபைல்களைப் புரட்டிவிட வேண்டும். ஈப்போவில் முப்பது வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் சிறு கோரிக்கை வழக்கு ஒன்றின் ஃபைலைத் திறந்தவுடன் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. வாதி கொடுத்த படிவமும் பிரதிவாதி கொடுத்த பதிலும் ஒரே கையெழுத்து. அதே சாய்ந்த எழுத்து, அதே நீல மை. ஏதோ தகிடுதத்தம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வழக்கு இதுதான். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் அஞ்சலை அக்காவும் லோரி ஓட்டும் கணேசனும் அடுத்தடுத்த வீடு. அக்கா பின்கட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போட்டுப் பிழைப்பவர். கணேசன் வீட்டுப் பலாமரத்தின் பெரிய கிளை, காயோடு சேர்ந்து, அந்தப் பின்கட்டின் தகரக் கூரைமேல் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாக மழை நேராக அடுப்பில் இறங்கியது. முறுக்கு நின்றுபோனது.

கிளை உளுத்திருக்கிறது, வெட்டிவிடு என்று முன்பே சொன்னதாக அக்கா எழுதியிருந்தார். சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கணேசன் இல்லையென்று சாதித்தால் கூரைக்கு ஒரு காசும் கிடைக்காது.

கணேசனின் பதிலில் மூன்றே வரி. அன்றைக்குப் பேய்க்காற்று. கிளையைத் தள்ளியது கடவுள், நான் இல்லை. விழுந்த பலாக்காயை வாதியே கறி வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார், நன்றாக இருந்தது. இந்த மூன்றாவது வரியைப் படித்ததும் கோபத்தை மறந்து சிரித்துவிட்டேன். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்ததும் ஒரே காரிலாம்.

மாஜிஸ்திரேட் ஒரு இளம் மலாய்ப் பெண். கையெழுத்து விஷயத்தை அவரிடம் சொன்னேன். வழக்கு தொடங்கியதும் முதல் கேள்வியே அதுதான். கணேசனின் பதிலை எழுதியது யார்?

"எனக்கு மலாய் எழுத வராதுங்க. அக்காதான் எழுதிக் குடுத்தாங்க," என்றார் கணேசன். இதிலென்ன அதிசயம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எதிராளிக்கு ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார் மாஜிஸ்திரேட்.

"கேட்டாரு, எழுதினேன். அவரு சொன்னத நான் மாத்தி எழுதி ஜெயிச்சா, அந்தக் கூரைக்குக் கீழ உக்காந்து எப்படிங்க நிம்மதியா முறுக்கு சுடறது?"

மாஜிஸ்திரேட் மறுபடி பதிலைப் படித்தார். மரத்தை வெட்டச் சொன்னது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லையே என்றார். அதையும் எழுதவா என்று கேட்டதாகவும், கணேசன் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டதாகவும் அக்கா சொன்னார். அடப்பாவமே, தன் பிழைப்பையே தாரை வார்த்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் கணேசனை நேராகவே கேட்டார். அக்கா சொன்னாரா, இல்லையா? நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

கணேசன் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார். "மூணு வாட்டி சொன்னாங்க. பழம் முடியட்டும்க்கா, அப்புறம் வெட்டிரலாம்லான்னு நான்தான் தள்ளிப் போட்டேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். நான் சொன்னத ஒரு வார்த்த கொறைக்காம எழுதினவங்க முன்னாடி எப்படிங்க பொய் சொல்றது?"

'ஆமாம், மூன்று முறை சொன்னார்' என்று சுருக்கிச் சொல்ல வாயெடுத்தேன். என் வழக்கம் அது. சாட்சிகளின் வளவளப்பை நறுக்கி நேரத்தை மிச்சப்படுத்துவதில் எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு வெட்கமாகப் போய்விட்டது. பழத்திலிருந்து பொய் வரைக்கும் அத்தனையும் மலாயில் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூரைச் செலவு முழுவதையும் மாதத் தவணையில் தருவதாகக் கணேசன் ஒப்புக்கொண்டார், அப்படியே தீர்ப்பானது. நாளைக்கே தன் லோரியில் தகரம் ஏற்றி வந்துவிடுவதாகவும் சொன்னார். "அப்படியே அந்த மரத்தையும் வெட்டிருலா தம்பி," என்றார் அக்கா. மாஜிஸ்திரேட்டுக்கு அதையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஓய்வு பெற எனக்கு அப்போது எட்டு மாதம் இருந்தது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதிரே நிற்பவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், வளவளவென்று இருக்கலாம், அது அவருடைய சொல். கைவைக்காதீர்கள். முப்பது வருஷ வேலையை நான் ஒரு முறுக்குக்காரம்மாவிடம்தான் ஒழுங்காகக் கற்றேன். அந்த எட்டு மாதமும் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. என்னால் வழக்குகள் இழுத்துக்கொண்டே போகின்றன என்று தலைமை எழுத்தரான பெரிய கிராணி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.