ராக்கம்மாவின் இஞ்சி பீர்

1951-இல் லிங்கி ஆற்றோர ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார அரசோடு போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேர்ந்துவிடும் என்று, பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு வாய் ஆகாரம்கூட வெளியே கொண்டுபோகத் தடை. விடியலில் வெறும் வயிற்றோடு போய் மதியம் நாக்கு வறண்டு திரும்புவார்கள். ராக்கம்மாவும் அவர்களில் ஒருத்தி. அந்தத் தாகத்தில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது.

கல்யாணத்துக்கு முன்பு துரை பங்களாவில் பாத்திரம் கழுவியவள் அவள். அங்கிருந்த சீனச் சமையற்காரர் இஞ்சி பீர் போடுவதைத் தினமும் பார்த்திருக்கிறாள். இஞ்சி, எலுமிச்சை, சீனி எல்லாம் கிடைத்தது. புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு கரண்டி கள் வாங்கிக் கலந்தாள். பக்கத்து வீட்டு மங்கம்மாவும் இன்னும் நாலு பேரும் ரேஷன் சீனியில் பங்கு கொடுத்துவிட்டு வெறும் தேநீர் குடித்தார்கள். துரைமார் கிளப்பில் வீசிய பீர் போத்தல்களை அவள் புருஷன் சன்னாசி, தோட்டத்து லாரி ஓட்டுபவன், அள்ளிக்கொண்டு வந்தான்.

ஒரே மாதத்தில் வேலிக் கேட்டருகே அவள் போத்தல் வாளிக்கு முன்னால் வரிசை நின்றது.

பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குள் படபடவென்று ஏழெட்டு வெடிச் சத்தம். காவலுக்கு நின்றவர்கள் துப்பாக்கியோடு தரையில் குப்புற விழுந்தார்கள். அபாயச் சங்கு ஊதியது. போலீஸ் அதிகாரி ஜீப்பில் பறந்து வந்து பார்த்தால், ராக்கம்மா வீட்டுச் சுவரெல்லாம் இஞ்சித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்கார அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. கள்ளச்சாராயம்தானே என்று தோட்டக் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசை விட்டுக் கேட்டார். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராக்கம்மா வாசலைவிட்டு நகரவில்லை.

"சாராயம் இல்ல கிராணி ஐயா. சீனி கூடிப்போச்சு, காத்து அடைஞ்சு போத்தல் வெடிச்சிருச்சு. தொரைக்குச் சந்தேகம்னா ரெண்டு போத்தல் எடுத்துட்டுப் போயி சோதிச்சுப் பாக்கட்டும்லா."

சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினாள். அதிகாரி தயங்கி வாயில் வைத்தார். முழுவதும் குடித்தார். ஆனாலும் இரண்டு போத்தலைச் சோதனைக்குச் சிரம்பானுக்கு அனுப்பத் தவறவில்லை.

பதில் வர பத்து நாள் ஆயிற்று. அதற்குள் அவள் சீனியைக் குறைத்து, காற்றுப் போக ஒரு நாள் திறந்து வைத்து, அப்புறம் தக்கை அடிக்கப் பழகிவிட்டாள். போதை என்று சொல்ல ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. கூடவே, தன் முகாமுக்கு வாரம் மூன்று டஜன் வேண்டும், சீனிக்குப் பெர்மிட் தருகிறேன் என்றார் அதிகாரி.

ராக்கம்மா உடனே தலையாட்டவில்லை.

"முகாமுக்கு மட்டும்னா முடியாது. மரம் வெட்டிட்டு வர்ற எங்க சனத்துக்கும் சேத்துப் பெர்மிட் குடுக்கச் சொல்லுங்க."

கிராணி இதை எப்படிச் சொன்னாரோ, பெர்மிட் இரண்டுக்கும் சேர்த்தே வந்தது.

ஆறு வருஷத்தில் அவள் பால்வாளியைக் கீழே வைத்தாள். சிரம்பான் தெமியாங்கில் ஒரு கடைவீட்டைப் பிடித்து, மங்கம்மா உட்பட ஐந்து பெண்களை வேலைக்கு வைத்தாள். சன்னாசி சொந்த லாரியில் கடற்கரையோரப் போர்ட்டிக்சன் வரை போத்தல் இறக்கினான். லேபிளுக்கு அச்சகக்காரர் மெலிந்த இளம்பெண் ஒருத்தியை வரைந்து வந்தபோது அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போடுறது நான்தானே. என் மூஞ்சியை வரைங்க."

நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்க, தடித்த மூக்குத்தியும் அகன்ற முகமுமாக அவள்தான் போத்தலில் இருந்தாள்.