கறுப்பு நாய்க்கு வந்த படையல்

எங்கள் வீட்டு நாய் கறுப்பு. சும்மா கறுப்பு இல்லை, வால் நுனியில்கூட ஒரு வெள்ளை முடி கிடையாது. அந்த நிறத்தால்தான் அவனை யாரும் வளர்க்க எடுக்கவில்லை. அதே நிறத்தால்தான் அவனுக்கு ஊரில் அத்தனை பக்தர்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே நாய்க்குப் பொருந்துகிறது என்று நான் பலமுறை எரிச்சலோடு யோசித்திருக்கிறேன்.

தாசேக் கெலுகோரில் என் கணவரின் சொந்தக்காரர் வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. பழுப்புக் குட்டிகளையும் புள்ளிக் குட்டியையும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள். கறுப்பு மட்டும் மிஞ்சியது. கறுப்பு ராசியில்லையாம். என் கணவர் அதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பெட்டிக்குள் இருந்ததும் என்னைப் பார்த்தது, பெட்டியைக் கொண்டுவந்தவரும் என்னைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒரே கெஞ்சல்.

எனக்கு நாயைப் பிடிக்காது என்று இல்லை. நாயை வாங்கிவிட்டு அதைப் பார்த்துக்கொள்ளாதவர்களைத்தான் பிடிக்காது. எங்கள் சுங்கை பினாங் பக்கம் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் காவலுக்கென்று வாங்கி வெயிலிலும் மழையிலும் சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். அடுக்குமாடிக்கு வீடு மாறும்போது அங்கே நாய் வைக்க அனுமதி இல்லை என்று சங்கிலியை மட்டும் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அது பழைய வாசலிலேயே படுத்து, வருகிற லாரிக்கெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் நகராண்மைக் கழகத்து நாய் பிடிக்கும் வண்டி வரும். பிறகு அதையும் காணோம்.

அதனால் நிபந்தனை போட்டேன். தடுப்பூசி போட வேண்டும், லைசென்ஸ் எடுக்க வேண்டும், வளர்ந்ததும் கருத்தடை செய்ய வேண்டும். சங்கிலி கூடாது. வெளியே போனால் கயிறும், அவன் கழிவை அள்ளக் கையில் ஒரு பையும் கட்டாயம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியது அவர், பை பிடித்தது நான்.

காலையில் அவனை நடக்கக் கூட்டிப் போகும்போது, வரிசைக் கடைசி வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், அவர் வாசல் வந்தால் நான் எதிர்ப்பக்கம் மாறிவிடுவேன். அவர் தொழுகிறவர், நாயின் எச்சில் பட்டால் அவருக்குச் சங்கடம். ஒருநாள் அவரே அதைக் கவனித்து, வாசலில் நின்றபடி கைகாட்டிச் சிரித்தார். அதிலிருந்து தினமும் எதிர்ப்பக்கத்திலிருந்தே அவனை நலம் விசாரிப்பார். தொடாமலேயே ஒரு நாயிடம் அன்பாக இருக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். தொந்தரவெல்லாம் எங்கள் ஆட்களிடமிருந்து வந்தது, அதுவும் பக்தியின் பெயரில்.

தேய்பிறை அஷ்டமி பைரவருக்கு உரிய நாள். நாய் அவருடைய வாகனம். அன்று கறுப்பு நாய்க்குச் சாப்பாடு வைத்தால் நினைத்தது நடக்கும், வழிப்பயணத்தில் ஆபத்து வராது என்பது நம்பிக்கை. மாதம் பிறந்து அந்த நாள் வந்தால் போதும், எங்கள் கேட்டுக்கு முன்னால் தட்டும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் வடை கொண்டுவருவார். ஒருவர் லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் வாங்கிய லட்டு. "பைரவரே, வாங்க பைரவரே" என்று எங்கள் வீட்டுச் சோம்பேறியைக் கூப்பிடுவார்கள். மறுநாள் அதே ஆட்கள், அவன் நடந்து போகும் வழியில் எதிர்ப்பட்டால், "சீ, தள்ளிப் போ" என்பார்கள். பின்சந்தில் இருக்கும் கறுப்பு நாய்களுக்கு எல்லோரும் சேர்ந்து கருத்தடை செய்யலாமா என்று நான் ஒருமுறை கேட்டபோது ஒருவருக்கும் நேரம் இல்லை. அஷ்டமிக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இரண்டே அஷ்டமியில் அத்தனை பேரையும் விரட்டிவிட்டேன். ஒருவரை மட்டும் விரட்ட மனம் வரவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா.

அக்காவின் மகன் டிரெய்லர் ஓட்டுகிறான். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு ஜொகூர் வரைக்கும் போய் வருவான். அவன் சாலையில் இருக்கும் நாளெல்லாம் அக்காவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அவன் முதன்முதலாக அந்த வண்டியில் ஏறிய நாளிலிருந்து அக்கா கவிச்சியை விட்டுவிட்டார். அந்த அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை. அவர் கணவர் மீன்கறி வேண்டுமென்றால் கடையில் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். பயம் அந்த அளவுக்கு. அப்படிப்பட்டவர் என் நாயின் முன்னால் கைகூப்பி நின்றால் நான் எப்படித் துரத்துவேன்? சின்னதாக ஒரு உருண்டை வெல்லச் சாதம், அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் என்று பேசிக்கொண்டோம். அக்கா அதை அப்படியே கடைப்பிடித்தார். இலையைக் கேட்டுக்குள் தள்ளிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

மீறியது ஒரே ஒருமுறை. அந்த வாரம் நெடுஞ்சாலையில் மகனுக்கு முன்னால் போன லாரி கவிழ்ந்து, இவன் வண்டி மயிரிழையில் நின்றிருக்கிறது. மகன் முழுசாக வீடு வந்து சேர்ந்தான். அடுத்து வந்த அஷ்டமிக்கு அக்கா வெல்லச் சாதத்தோடு நிறுத்தவில்லை. நெய் ஒழுக ஒழுகச் சர்க்கரைப் பொங்கல், முந்திரி, அள்ளி அள்ளி உலர்ந்த திராட்சை. நான் பாயான் லெப்பாஸில் வேலையில் இருந்தேன். என் கணவரும் வீட்டில் இல்லை. மகனைக் காத்துக் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல நான் வரும்வரை காத்திருக்க முடியுமா? இலை நிறைய வைத்துவிட்டார். எங்கள் தீனிப்பண்டாரமும் இலையை நக்கித் துடைத்து வைத்துவிட்டான்.

சாயங்காலம் நான் வந்தபோது கார் நிறுத்தும் இடமெங்கும் வாந்தி. அதில் திராட்சைகள் ஊறி உப்பிக் கிடந்தன. அவன் எழுந்து வரவில்லை, வால் மட்டும் தரையில் ஒருமுறை தட்டியது. அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். மருத்துவர் ஒரு சீனப் பெண். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எந்த நாயை எவ்வளவு பாதிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்றார். உடனே சொட்டுமருந்து ஏற்றினார்கள். பிழைப்பானா என்று கேட்டேன். இரண்டு மூன்று நாள் போகட்டும் என்றார். திராட்சை! நாம் குழந்தைக்குக் கொடுப்பது, சாமிக்கு வைப்பது. அது ஒரு நாயைக் கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்?

தோன்றாதுதான். ஆனால் அந்த நியாயமெல்லாம் நான் அக்கா வீட்டு வாசலில் நிற்கும்போது எனக்கு வரவில்லை.

"என்னாக்கா போட்டீங்க அவனுக்கு? கிஸ்மிஸ் போட்டிருக்கீங்க! கிட்னி போயிடும்னு சொல்றாங்க டாக்டர். அவன் அங்க சாகக் கிடக்குறான்!"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சாமி, எம்புள்ள இன்னிக்கு ரோட்டுல இருக்கானே" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "உங்களுக்கு ஒங்க புள்ளைய காப்பாத்த ஒரு சாமி வேணும். எனக்கு எங்க நாய் வேணும். இனிமே எங்க கேட்டு பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த கையோடு கேட்டுக்குப் பூட்டும் போட்டேன்.

சொட்டுமருந்து வேலை செய்தது. ரத்தப் பரிசோதனையில் எண்கள் மெல்ல இறங்கின. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் அவன் சாப்பிட வேண்டும், சாப்பிடவில்லை என்றால் ஏற்றிய மருந்தெல்லாம் வீண் என்றார் மருத்துவர். உப்பில்லாமல் குழைந்த சோறும், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராத அவித்த கோழி கொஞ்சமும் கொடுக்கச் சொன்னார். கோழியை அவித்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். என் கணவர் தரையில் படுத்துக்கொண்டு அவனோடு பேசினார், பாட்டுக்கூடப் பாடினார். உதடு திறக்கவில்லை. எங்கள் கையைப் பார்த்தாலே ஒடுங்கினான். தப்பு அவனுடையதில்லை. அந்த நாட்களில் எங்கள் கையிலிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் மாத்திரைதான். வாயைப் பிளந்து திணித்த கைகளை எந்த ஜீவன் நம்பும்? அவன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. நாளைக்கும் சாப்பிடவில்லை என்றால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவன் தேறுவான் என்று அவர்களே நம்பவில்லை என்பது அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சமையலறையில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை, கிளம்புவதற்காக அவனை வாசலில் துண்டு விரித்துப் படுக்க வைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே அக்கா நின்றார். கையில் மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணம். விரட்டத்தான் போனேன். பக்கத்தில் போனதும் வாசனை வந்தது. கோழி வாசனை.

நான் அவரையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளைய பாசார்ல காய் வாங்கும்போது பார்த்தேன். கோழி அவிச்சு குடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்களாம், நீ குடுத்தா திங்க மாட்றானாம்" என்றார் அக்கா. என் கணவர் வாயில் எதுவும் நிற்காது என்பது ஊருக்கே தெரியும். "பின்சந்துல அடுப்ப வெச்சு அவிச்சேன். உப்பு போடல. வெங்காயம் போடல. வேற எதுவும் சத்தியமா போடல, தங்கச்சி."

"நீங்களா அக்கா கோழிய தொட்டீங்க?"

"தொட்டேன். எத்தன வருசம் ஆச்சு." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "எம்புள்ளைக்குன்னு விட்டேன். இவன் எம்புள்ளைக்காகத்தானே தின்னான், வாயில்லா ஜீவன். எம்மேல கோவம்னா வெச்சுக்க. இத மட்டும் நீயே குடு, நான் வெளியவே நிக்கிறேன்."

பூட்டைத் திறந்தேன். கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "உள்ள வாங்கக்கா" என்றேன்.

அக்காவின் குரல் கேட்டதும் அவன் தலையைத் தூக்கியிருந்தான். அந்தக் குரல் வந்தால் வெல்லம் வரும் என்பது அவன் கணக்கு. அக்கா எப்போதும்போல இரண்டடி தள்ளி நிற்பார் என்று நினைத்தேன். அவர் துண்டின் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கோழியைப் பிய்த்து, நூல் நூலாகக் கிழித்து, விரல் நுனியில் வைத்து அவன் வாயருகே நீட்டினார். அவன் மோந்து பார்த்தான். யோசித்தான். நாக்கு மெல்ல வெளியே வந்து அந்த விரலைச் சுற்றியது, கோழி உள்ளே போனது.

இன்னொன்று போனது. பிறகு சோற்றோடு பிசைந்து ஒரு வாய். எனக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல், இத்தனை நாள் உயிரைக் கொடுத்துப் பார்த்தவள் நான், அவன் நக்குகிற கை இவருடையதா என்று. இன்னொரு பக்கம் அழுகை. இரண்டில் அழுகைதான் ஜெயித்தது. என் கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்து, சத்தம் போடாமல் கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா கண்ணை மூடவில்லை. குனிந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாய் நீட்டியவர் சட்டென்று நிறுத்தினார்.

"தங்கச்சி, இவனுக்கு இந்தப் பக்கம் ஒரு பல்லு ஒடஞ்சிருக்கே."

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் அக்கா."

"நான் பாத்ததே இல்லையே" என்றார். கையில் இருந்த கோழியை இன்னும் மெல்லிசாகக் கிழித்தார். கிழித்துக்கொண்டே கேட்டார்:

"மெல்லும்போது வலிக்குமா இவனுக்கு?"