ஐயா அடித்த வரி

ஐயாவின் சொற்சீட்டுகளில் ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. பழுப்பேறிய தாள், தலைப்பில் ‘வெட்கம்’. கீழே அவருடைய நெருக்கமான எழுத்து: வெள்கு, வெட்கு, வெட்கம் என்று வந்தது. பொருள்: நாணம், கூச்சம், மானக்கேடு. வெள்குதலுக்கு அஞ்சுதல் என்றும் பழைய பொருள் உண்டு. கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு. அது மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.

ஐயா என் தந்தையார்; பருத்தித்துறையில் தமிழ் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அகராதி தொகுக்கிறேன் என்று அம்மா இல்லாத அந்த வீடு முழுவதும் சீட்டுகளைப் பரப்பியிருந்தார். சோற்றுப்பானைக்குள் மட்டும்தான் சீட்டு இல்லை. அப்போதுதான் அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். அக்கா நல்ல சிவப்பு. ஒரு பின்னேரம் மாப்பிள்ளையின் தாயாருக்கு மூக்குப்பேணியில் கோப்பி கொடுத்தபோது அவள் கன்னங்கள் செவ்வரத்தம்பூப்போல இருந்தன. “பிள்ளைக்கு வெக்கம், பாருங்கோ” என்று ஐயா பூரித்துப்போனார். அவர்கள் போனதும் சீட்டில் எழுதினார்: ‘மணப்பேச்சைக் கேட்டவள் வெட்கத்தால் முகம் சிவந்தாள்.’

மறுநாள் யாரும் வரவில்லை. பின்னேரம் அக்காவுக்குத் தலை பின்னினேன். முகம் அப்படியே சிவந்திருந்தது. பிடரி கையைச் சுட்டது. எனக்குப் பதினாறு வயது, விளங்காத வயதில்லை.

“ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை. கலியாணம் குழம்பிப்போடும்” என்றாள்.

“ஓம்” என்றேன். அந்த ஓமோடு மூன்று மாதம் இருந்தேன்.

இருமலில் இரத்தம் கண்ட பிறகுதான் ஆசுபத்திரி அப்போதிக்கரியைக் கூப்பிட்டோம். கசநோய், முற்றிவிட்டது என்றார். “கன நாளாய்க் காய்ச்சல் இருந்திருக்கும். பின்னேரத்திலை முகம் சிவக்கிறதை ஒருத்தரும் காணேல்லையோ?”

ஐயா சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். “கண்டனான். வெக்கமெண்டு நினைச்சன்.”

நான் கதவோரம் நின்றேன். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.

தை பிறக்குமுன் அக்கா போய்விட்டாள். ஐயா அகராதியைக் கைவிட்டார். இவ்வளவு படித்த மனிசனுக்குக் காய்ச்சல் எது, வெட்கம் எது என்று தெரியவில்லையே என்று ஊர் கதைத்தது. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்; குற்றம் முழுவதும் தன்னுடையது என்று நம்பியே செத்தார். எனக்கு அழுகை வரவில்லை, அன்றும் சரி பிறகும் சரி. உள்ளே எதுவோ மரத்துப்போய்விட்டது.

சீட்டை மறுபடி பார்க்கிறேன். அடித்த வரியை இன்னும் வாசிக்க முடிகிறது. அதன் கீழே வேறோர் எடுத்துக்காட்டுக்கு ஐயா இடம் விட்டிருக்கிறார். அங்கே எழுதப்பட வேண்டியவள் நான்தான். இத்தனை வருடம் கழித்து இன்றுதான் இதைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, சுடுகிறதா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.