முதல் வாய்

குனோங் ராபாட்டில் அப்பா இருக்கும் மனநலப் பராமரிப்பு இல்லத்தில் மாலைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். டின்பால் வாசம் என்னைச் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே இழுத்துப் போய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் காதில் யார் யாரோ பேசத் தொடங்கியிருந்தார்கள். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிடுவார். அம்மா என்ன செய்வாள்? பால்மரம் வெட்டப் போகும் முன் மாத்திரையைப் போத்தல் அடியால் நசுக்கி அவர் தேநீரில் போடுவாள். கசப்புத் தெரியாமலிருக்க டின்பாலைத் தாராளமாக ஊற்றுவாள்.

"தேத்தண்ணியில என்னமோ கலக்குறா!" என்று அப்பா எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கத்துவார்.

"பொண்டாட்டியையே சந்தேகப்படுறாரு. சீக்கு முத்திப்போச்சு லா," என்பார்கள் அக்கம்பக்கத்தார். எல்லாம் தெரிந்தவர்கள்! அவர் சொன்னது உண்மை என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கோப்பையை நீட்டினார். "பாப்பா, நீ மொதல்ல குடி."

நான் குடித்ததைப் பார்த்த பிறகே அவர் குடித்தார். அதன்பின் தினமும் முதல் வாய் என்னுடையது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் வகுப்பில் மேசைமேல் கவிழ்ந்து தூங்குவேன். சோம்பேறி என்று ஆசிரியர் காதைத் திருகுவார்.

பல வருடம் கழித்துச் சாகக் கிடந்தபோதுதான் மாத்திரை கலந்ததைப் பற்றி அம்மா வாயைத் திறந்தாள். "எனக்கு வேற வழி தெரியல பாப்பா."

இப்போது இல்லத்து நர்ஸ் வந்து உள்ளங்கையை விரித்தார். "அங்கிள், இது உங்க மருந்து. நல்லா பாத்துக்குங்க."

அப்பா பார்த்தார். எடுத்து, மறுபேச்சில்லாமல் விழுங்கினார். பிறகு தேநீர்க் கோப்பையை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

"பாப்பா, நீ மொதல்ல குடி."