பிரான்சிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே, நான் பிரான்சுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார். ஆறு மாதம் ஆளைக் காணோம் என்றால் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள் என்றேன். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல வைத்தேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு வரன் பார்க்கிற நேரம், விஷயம் வெளியே போனால் காரியம் கெடும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். உண்மை வேறு. மாதா கோயிலுக்கு வருகிற ஒருத்திக்கு மார்பை எடுத்தபோது, பார்க்கிற இடத்திலெல்லாம் உச்சுக்கொட்டி, அவள் பூசைக்கே வராமல் நின்றுபோகும்படி செய்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாய்கள் என் பக்கம் திரும்புமே என்றுதான் பயந்தேன்.

தெருப்பக்கத்து சன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விடியுமுன் காரின் பின் சீட்டில் படுத்தபடி கீமோவுக்குப் போவேன். திரும்பிய பிறகு நாலு நாள் வாந்திதான். சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு வாளியில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். கொட்டிய முடி குளியலறைச் சல்லடையை அடைத்தது. வாயெல்லாம் புண்.

ஒட்டுச்சுவர் வீட்டு அக்கா, தனியாக இருக்கிற மனுஷனாயிற்றே என்று என் கணவருக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். அக்கா போனதும், உள்ளறையிலிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த மீன் வாடையே கொமட்டுது. மோப்பம் புடிக்கத்தான் வருது அந்தப் பொம்பள. இனிமே வாசலோட அனுப்பிடுங்க" என்று, ஒளிந்திருப்பதையும் மறந்து கத்தினேன்.

மறுநாளிலிருந்து மீன் நின்று, உப்பு மட்டும் போட்ட குழைந்த கஞ்சி வர ஆரம்பித்தது. "ஒங்களுக்குப் பல்லு போயிட்டுதுன்னு நெனச்சுட்டாங்க போல" என்று அவரைக் கேலி செய்தபடியே அத்தனையையும் நான்தான் குடித்தேன். வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

சிகிச்சை முடிந்து அரை அங்குலம் முடி முளைத்ததும் 'பிரான்சிலிருந்து' திரும்பினேன். விடியுமுன் ஊருக்கு வெளியே காலாப்பட்டு வரை போய், பழந்துணி திணித்த பெட்டியோடு டாக்சி பிடித்து, தெருவே பார்க்கப் பட்டப்பகலில் வந்து இறங்கினேன். கணவர் டவுனில் வாங்கிவைத்திருந்த வெளிநாட்டுச் சாக்லேட்டின் விலைச்சீட்டைக் கறுத்துப்போன நகத்தால் சுரண்டி எடுத்தேன். நகம் வலித்தது. அப்போதும் வெட்கம் வரவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் அதை நீட்டினேன்.

"அங்க குளிர் அதிகமோ?" என்று கேட்டார்.

"தாங்க முடியலக்கா" என்றேன், கூசாமல்.

என் தலையை ஒருமுறை பார்த்தார். உள்ளே இருந்த மருமகளுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாளைக்கும் கஞ்சி வைக்கட்டா, இல்ல சோறு எறங்குதா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்காவுக்கு ஆறு மாதமாகத் தெரிந்திருக்கிறது. தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"எறங்குதுக்கா."

"அப்ப காரமில்லாம ஒரு கொழம்பு வைக்கறேன். மீன் வேணாம், ஒனக்கு வாடை ஒத்துக்காது."

மீன் வாடை குமட்டுகிறது என்று நான் சொன்னது ஒரே ஒரு நாள்தான். அதே மூச்சில் அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியிருந்தேன். இரண்டையும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டுத்தான், மறுநாள் எனக்குக் கஞ்சி வைத்திருக்கிறார்.